எழுத்துத் தரத்திலிருந்து சிஜிபிஏ வரை: கொங்குப் பகுதிக் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பெருந்துறைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் வகுப்பு ஆலோசகராக இருக்கிறேன். செமஸ்டர் முடிவு வெளியான மறுநாள், பிள்ளைகள் கைபேசியில் கணக்குப் போட்டுக்கொண்டு வந்து நிற்பார்கள். ஒரே கிரேடு ஷீட்டுக்கு மூன்று பேர் மூன்று ஜிபிஏ (ஒரு செமஸ்டரின் சராசரிப் புள்ளி; எல்லாச் செமஸ்டரும் சேர்ந்தால் அது சிஜிபிஏ) சொல்வார்கள். பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத்தில் நூற்றுக்கு நூறு வாங்கியவர்களும் அதில் இருப்பார்கள். பெருக்குவதற்கு முன்பே கூட்டிவிடுவதும், எந்த அட்டவணை தங்களுக்கு உரியது என்று பார்க்காமல் இறங்குவதும்தான் பெரும்பாலான குழப்பத்துக்குக் காரணம். ஆகவே கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். நடுவில் ஒன்றைத் தாண்டிப் போனால் விடை தவறாக வரும். தவறு என்று பார்த்தவுடன் தெரியாது என்பதுதான் சங்கடம்.

1. உட்காருவதற்கு முன் எடுத்து வைக்க வேண்டியவை

எல்லா செமஸ்டர்களின் கிரேடு ஷீட்டும் வேண்டும். அரியர் (தேறாமல் நிலுவையில் நின்ற தாள்) எழுதித் தேறிய தாள்களின் முடிவு பிந்தைய செமஸ்டரின் ஷீட்டில்தான் இருக்கும்; அதையும் சேர்த்து எடுங்கள். மறுமதிப்பீட்டில் தரம் மாறியிருந்தால் மாறிய பிறகு வந்த பக்கமே செல்லும். பழைய பிரிண்டைக் கிழித்துப் போட்டுவிடுவது நல்லது, இல்லாவிட்டால் அவசரத்தில் அதுதான் கையில் அகப்படும்.

அடுத்து, உங்கள் பாடத்திட்டத்தில் இருக்கும் கிரெடிட் அட்டவணை. கிரெடிட் என்பது ஒவ்வொரு தாளுக்கும் கணக்கில் உள்ள எடை. பாடக்குறியீடு, பாடத்தின் பெயர், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எத்தனை கிரெடிட் என்று செமஸ்டர் வாரியாக அச்சிட்டிருப்பார்கள். ஆன்லைனில் பார்க்கும் முடிவுப் பக்கத்தில் தரம் மட்டும் இருந்து கிரெடிட் இல்லாமல் போகலாம். அப்போது இந்த அட்டவணைதான் துணை.

மூன்றாவது, ஒழுங்குமுறை ஆவணம். கல்லூரிகளில் எல்லோரும் 'ரெகுலேஷன்' என்றே சொல்வதால் நானும் அப்படியே எழுதுகிறேன். கிரேடு பற்றிய பகுதி அதில் ஓரிரு பக்கம்தான். அந்தப் பக்கங்களை மட்டும் படித்தால் போதும்.

2. உங்கள் ரெகுலேஷன் எது என்று உறுதிசெய்யுங்கள்

இதை ஏன் முதலில் செய்ய வேண்டும்? ஒரே எழுத்துக்கு வெவ்வேறு ரெகுலேஷனில் வெவ்வேறு மதிப்பு இருப்பதால்தான். அண்ணா பல்கலைக்கழகத்தின் மூன்று ரெகுலேஷன்களை எடுத்துக்கொள்வோம்.

ரெகுலேஷன் 2013: எஸ் 10, ஏ 9, பி 8, சி 7, டி 6, இ 5, யு 0.

ரெகுலேஷன் 2017: ஓ 10, ஏ பிளஸ் 9, ஏ 8, பி பிளஸ் 7, பி 6, ஆர்ஏ 0.

ரெகுலேஷன் 2021: ஓ 10, ஏ பிளஸ் 9, ஏ 8, பி பிளஸ் 7, பி 6, சி 5, யு 0.

அண்ணன் 2013 ரெகுலேஷனில் வாங்கிய 'ஏ' ஒன்பது புள்ளி. தம்பி 2021 ரெகுலேஷனில் வாங்கும் 'ஏ' எட்டுப் புள்ளி. 'பி' எழுத்துக்கு அங்கே எட்டு, இங்கே ஆறு. வீட்டில் இருவரின் ஷீட்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுச் சண்டை வராமல் இருந்தால் சரி.

எந்த ஆண்டு சேர்ந்தீர்களோ அந்த ஆண்டுக்குரிய ரெகுலேஷன்தான் உங்களுக்குப் பொருந்தும். பாதியில் படிப்பை நிறுத்திவிட்டு மீண்டும் சேர்ந்தவர்களுக்கு இது மாறியிருக்கலாம். அவர்கள் தேர்வுப் பிரிவில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

கோவை, ஈரோடு, சேலம் வட்டாரத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. பெருந்துறை கொங்கு பொறியியல் கல்லூரி, கோவை பிஎஸ்ஜி தொழில்நுட்பக் கல்லூரி, கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி போன்றவை தன்னாட்சிக் கல்லூரிகள். பட்டம் அண்ணா பல்கலைக்கழகத்தின் பெயரில் வந்தாலும் ரெகுலேஷன் அந்தந்தக் கல்லூரியுடையது. பக்கத்துக் கல்லூரி நண்பன் அனுப்பிய அட்டவணை உங்களுக்கும் பொருந்தும் என்று நம்பாதீர்கள். கைபேசிச் செயலிகளும் இங்கேதான் கவிழ்கின்றன: அவை ஏதோ ஒரு ரெகுலேஷனை மனத்தில் வைத்துக்கொண்டு எல்லோருக்கும் கணக்குப் போடும்.

3. எழுத்தை எண்ணாக்குங்கள், மதிப்பெண்ணை ஊகிக்காதீர்கள்

இப்போது ஒவ்வொரு தாளுக்கும் எதிரில் அதன் கிரேடு பாயிண்டை எழுதுங்கள். இங்கே செய்ய வேண்டியது அவ்வளவுதான்.

பலர் இந்த இடத்தில் குறுக்கு வழி தேடுகிறார்கள். "ஏ என்றால் 71 முதல் 80 வரைதானே, நடுவில் 75 என்று வைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்பார்கள். வேண்டாம். 71 வாங்கினாலும் 80 வாங்கினாலும் ரெகுலேஷன் 2017-இல் இருவருக்கும் 8 தான். எழுத்தாக மாறிய பிறகு அந்த ஒன்பது மதிப்பெண் வித்தியாசம் கணக்கில் கிடையாது.

ரெகுலேஷன் 2021-இல் இன்னொரு காரணமும் சேர்கிறது. தேர்ச்சி பெற்றவர்கள் 30 பேருக்கு மேல் இருக்கும் தாள்களில் அங்கே ஒப்பீட்டுத் தரம் கொடுக்கிறார்கள். அதாவது, உங்கள் தரம் மற்றவர்கள் எப்படி எழுதினார்கள் என்பதையும் பொறுத்தது. எனவே எழுத்திலிருந்து மதிப்பெண்ணுக்குப் பின்னோக்கிப் போக நிலையான வழி ஒன்றும் இல்லை.

சிறிய எச்சரிக்கை: 'ஓ' என்ற ஆங்கில எழுத்து அச்சில் பூஜ்யம் போலவே இருக்கும். மகளின் ஷீட்டில் வரிசையாகப் பூஜ்யம் இருக்கிறதே என்று கவலையோடு விசாரித்த பெற்றோர் உண்டு. அது ஆகச் சிறந்த தரம், பத்துப் புள்ளி.

4. கிரெடிட்டை எதிரில் எழுதுங்கள்

தாளின் பெயர், கிரெடிட், கிரேடு பாயிண்ட், பெருக்கல் என்று நான்கு பத்திகள் போட்டுக்கொள்ளுங்கள். கணினியில் செய்தாலும் தாளில் செய்தாலும் இதே வடிவம்.

பூஜ்ய கிரெடிட் உள்ளவற்றை இந்தப் பட்டியலிலேயே சேர்க்காதீர்கள். முதலாண்டு அறிமுகப் பயிற்சி, சில கட்டாயப் பாடங்கள், என்சிசி போன்றவை ஷீட்டில் தெரியலாம். ஆனால் கணக்கில் வராமல் போகலாம். கிரெடிட் அட்டவணையில் பூஜ்யம் என்றோ, சிஜிபிஏவில் சேராது என்றோ குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

கிரெடிட்டை ஊகிப்பதும் அடிக்கடி நடக்கிறது. "தியரி என்றால் மூன்று, லேப் என்றால் இரண்டு" என்று ஒரு வாய்ப்பாடு மாணவர்களிடையே உலவுகிறது. கணிதத்துக்கு நான்கு, சில ஆய்வகங்களுக்கு ஒன்று, ஆய்வகமும் தியரியும் ஒன்றாகச் சேர்ந்த தாள்களுக்கு நான்கோ ஐந்தோ. அட்டவணையைத் திறந்து பார்க்க ஆகும் நேரத்தைவிட, தவறான கணக்கைத் திருத்தும் நேரம் அதிகம்.

5. பெருக்குங்கள், கூட்டுங்கள், கடைசியில் ஒருமுறை வகுங்கள்

முதல் மாணவர் கூட்டம் தடுக்கி விழும் இடம் இது. "ஒன்பது பேப்பருக்கும் பாயிண்டைக் கூட்டி ஒன்பதால் வகுத்தால் போதாதுங்களா?" என்ற கேள்வி ஒவ்வோர் ஆண்டும் வரும். போதாது.

ஈரோட்டு மஞ்சள் சந்தைக்குப் பத்துக் குவிண்டால் விரலியும் இரண்டு குவிண்டால் கிழங்கும் கொண்டுபோகும் விவசாயி, இரண்டு விலையையும் கூட்டி இரண்டால் வகுத்துத் தன் சராசரி விலை இது என்று சொல்லமாட்டார். எடையால் பெருக்கி, மொத்தத் தொகையை மொத்த எடையால் வகுப்பார். கிரெடிட் என்பது தாளின் எடை.

ரெகுலேஷன் 2021-இன் முதல் செமஸ்டரை வைத்தே போட்டுப் பார்ப்போம். கிரெடிட்டுகள் பாடத்திட்டத்தில் உள்ளவை. தரங்கள் உதாரணத்துக்காக நான் வைத்தவை.

ஆங்கிலம்: கிரெடிட் 3, ஏ (8), பெருக்கல் 24
கணிதம்: கிரெடிட் 4, பி (6), பெருக்கல் 24
இயற்பியல்: கிரெடிட் 3, பி பிளஸ் (7), பெருக்கல் 21
வேதியியல்: கிரெடிட் 3, பி பிளஸ் (7), பெருக்கல் 21
பைத்தான் நிரலாக்கம்: கிரெடிட் 3, ஏ பிளஸ் (9), பெருக்கல் 27
தமிழர் மரபு: கிரெடிட் 1, ஓ (10), பெருக்கல் 10
பைத்தான் ஆய்வகம்: கிரெடிட் 2, ஓ (10), பெருக்கல் 20
இயற்பியல், வேதியியல் ஆய்வகம்: கிரெடிட் 2, ஓ (10), பெருக்கல் 20
ஆங்கில ஆய்வகம்: கிரெடிட் 1, ஓ (10), பெருக்கல் 10

கிரெடிட்டுகளின் கூட்டுத்தொகை 22. பெருக்கல் பத்தியின் கூட்டுத்தொகை 177. 177 ÷ 22 = 8.045. ஆகவே ஜிபிஏ 8.05.

இதையே பாயிண்டுகளை மட்டும் கூட்டி ஒன்பதால் வகுத்தால் 77 ÷ 9 = 8.56 வரும். அரைப் புள்ளி அதிகம். ஆய்வகங்களிலும் ஒரு கிரெடிட் தாளிலும் வாங்கிய பத்துகள், நான்கு கிரெடிட் கணிதத்தில் வாங்கிய ஆறோடு சம எடையில் உட்கார்ந்துகொண்டதன் விளைவு அது. தவறான கணக்கு பெரும்பாலும் மாணவருக்குச் சாதகமாகவே இருப்பதற்கும் இதுதான் காரணம்: எளிதில் மதிப்பெண் வரும் தாள்களுக்குக் கிரெடிட் குறைவு. யாரும் சந்தேகப்படாமல் அதை அப்படியே விண்ணப்பத்தில் எழுதிவிடுகிறார்கள். பிறகு சான்றிதழ் சரிபார்க்கும் நாளில் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

தசமத்தைக் கடைசியில் ஒரே ஒருமுறை இரண்டு இடத்துக்குச் சுருக்குங்கள். நடுவில் சுருக்கினால் பிழை அடுத்தடுத்த படிகளுக்கும் போகும்.

6. அரியர் இருந்தால்

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். கணக்கு சரியாக இருந்தும் பொருள் தவறிப்போகும் இடம் இது.

அண்ணா பல்கலைக்கழக ரெகுலேஷன்களில், தேர்ச்சி பெறாத தாளுக்குரிய யு அல்லது ஆர்ஏ, வருகைப்பதிவுக் குறைவுக்கான எஸ்ஏ, தேர்விலிருந்து விலகியதற்கான குறி ஆகியவை ஜிபிஏ, சிஜிபிஏ கணக்கில் சேர்க்கப்படுவதில்லை. பெருக்கல் பத்தியிலிருந்தும் போகும், கிரெடிட் கூட்டுத்தொகையிலிருந்தும் போகும்.

மேலே உள்ள மாணவர் கணிதத்தில் பி வாங்காமல் தோற்றிருந்தால் என்ன ஆகும் என்று பார்ப்போம். 177-இலிருந்து 24 போனால் 153. 22-இலிருந்து 4 போனால் 18. 153 ÷ 18 = 8.50. கணிதத்தில் தேறியபோது 8.05, தோற்றபோது 8.50! வேடிக்கைதான். ஆனால் அந்த 8.50-ஐ வீட்டில் காட்டி மகிழும் பையனுக்கு நான்கு கிரெடிட் இன்னும் நிலுவையில் நிற்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பிறகு அவர் அந்தத் தாளை எழுதி சி வாங்கித் தேறினால், சிஜிபிஏ கணக்கில் 5 × 4 = 20 சேரும்; நான்கு கிரெடிட்டும் சேரும். 173 ÷ 22 = 7.86. "அரியரை எடுத்த பிறகு சிஜிபிஏ குறைந்துவிட்டதே, பல்கலைக்கழகம் தவறு செய்துவிட்டது" என்று புகார் சொல்பவர்களுக்கு இந்த மூன்று வரிதான் பதில். கணக்கில் தவறு இல்லை, எதிர்பார்ப்பில்தான் தவறு.

எல்லா நிறுவனங்களும் இப்படி விலக்குவதில்லை. தோற்ற தாளைப் பூஜ்யமாக வைத்து அதன் கிரெடிட்டையும் வகுக்கும் எண்ணில் சேர்க்கும் முறை சில இடங்களில் உண்டு. அப்படிப் போட்டால் நம் உதாரணம் 153 ÷ 22 = 6.95 ஆகிவிடும். 8.50-க்கும் 6.95-க்கும் இடையே இருப்பது ஒரே ஒரு விதி வரி. உங்கள் ரெகுலேஷனில் 'விலக்கப்படும்' என்ற சொல் இருக்கிறதா என்று தேடிப் படியுங்கள்.

சிறப்புத் தகுதியுடன் முதல் வகுப்பு எதிர்பார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. அண்ணா பல்கலைக்கழகத்தில் அதற்குச் சிஜிபிஏ 8.50 வேண்டும், கூடவே எல்லாத் தாள்களையும் முதல் முயற்சியிலேயே தேறியிருக்கவும் வேண்டும். எண் மட்டும் 8.9 என்று நின்றால் அந்த வகுப்பு கிடைக்காது.

7. செமஸ்டர்களைச் சேர்த்துச் சிஜிபிஏ காணுதல்

எட்டு ஜிபிஏக்களைக் கூட்டி எட்டால் வகுக்காதீர்கள். ஐந்தாம் படியில் சொன்ன தவறே இங்கே பெரிய உருவத்தில் வருகிறது. செமஸ்டர்களுக்கும் எடை உண்டு.

ஒவ்வொரு செமஸ்டருக்கும் இரண்டு எண்களை மட்டும் குறித்து வையுங்கள்: மொத்தக் கிரெடிட், மொத்தப் பெருக்கல். நம் உதாரணத்தில் 22, 177. எல்லாச் செமஸ்டர்களின் பெருக்கல்களையும் கூட்டி, எல்லாச் செமஸ்டர்களின் கிரெடிட் கூட்டுத்தொகையால் வகுங்கள்.

கடைசி செமஸ்டரில் இந்த வேறுபாடு பளிச்சென்று தெரியும். பல பிரிவுகளில் எட்டாம் செமஸ்டரில் புராஜெக்ட் மட்டும், 10 கிரெடிட். முதல் ஏழு செமஸ்டரில் 150 கிரெடிட், ஒவ்வொன்றிலும் 7.50 என்று வைத்துக்கொள்வோம். பெருக்கல் 1125. புராஜெக்டில் ஓ வாங்கினால் 100 சேரும். 1225 ÷ 160 = 7.66. எட்டு ஜிபிஏக்களைக் கூட்டி எட்டால் வகுத்தவருக்கோ 7.81 வந்திருக்கும்.

பாலிடெக்னிக் முடித்து நேரடி இரண்டாமாண்டில் சேர்ந்தவர்களுக்கு மூன்றாம் செமஸ்டரிலிருந்துதான் கணக்கு. முதலிரண்டு செமஸ்டருக்குப் பூஜ்யம் போடுவதோ, டிப்ளமோ மதிப்பெண்ணை அங்கே நுழைப்பதோ கூடாது. விண்ணப்பப் படிவம் முதல் செமஸ்டர் கட்டத்தை நிரப்பச் சொல்லி அடம்பிடித்தால், அந்தப் படிவத்தின் உதவிக் குறிப்பைப் படித்து அதில் சொன்னபடி செய்யுங்கள்.

விருப்பப் பாடங்களைத் தேவைக்கு மேல் எடுத்திருந்தால், அண்ணா பல்கலைக்கழக விதிப்படி கூடுதல் தரம் வந்தவை மட்டும் சிஜிபிஏவில் எடுத்துக்கொள்ளப்படும்.

8. கலை, அறிவியல் கல்லூரி மாணவர்கள் இங்கே பிரிந்து செல்லுங்கள்

கோவை, திருப்பூர், ஈரோடு, நீலகிரி மாவட்டக் கல்லூரிகள் பாரதியார் பல்கலைக்கழகத்தின் கீழும், சேலம், நாமக்கல் பக்கம் பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழும், கரூர் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் கீழும் வருகின்றன. பொறியியல் அட்டவணையை இங்கே கொண்டுவந்தால் முழுக்கத் தவறும்.

தமிழகக் கலை, அறிவியல் படிப்புகளில் பரவலாக உள்ள அட்டவணையில் எழுத்துகளின் வரிசையே வேறு. 90 முதல் 100 வரை ஓ. 80 முதல் 89 வரை டி பிளஸ். 75 முதல் 79 வரை டி. 70 முதல் 74 வரை ஏ பிளஸ். 60 முதல் 69 வரை ஏ. 50 முதல் 59 வரை பி. இளநிலையில் 40 முதல் 49 வரை சி. அதற்குக் கீழே யு.

டி பிளஸ் என்றால் பயப்படத் தேவையில்லை. டி என்றால் டிஸ்டிங்ஷன், டி பிளஸ் அதற்கும் மேலே; இரண்டுமே ஏ பிளஸ்ஸுக்கு மேலே. பி.காம். படித்த பெண்ணின் ஷீட்டில் டி-க்கள் நிறைந்திருப்பதைப் பார்த்து வெளியூர் நிறுவனத்தார் குழம்பினால், ஷீட்டின் பின்பக்கம் அச்சிட்ட அட்டவணையையும் சேர்த்து ஸ்கேன் செய்து அனுப்புங்கள். முன்பக்கத்தை மட்டும் அனுப்புவதுதான் எல்லோரும் செய்யும் தவறு.

இந்த முறையில் கிரேடு பாயிண்ட் முழு எண் அல்ல. மதிப்பெண்ணைப் பத்தால் வகுத்தால் பாயிண்ட்: 68 வாங்கினால் 6.8, 81 வாங்கினால் 8.1. எனவே எழுத்திலிருந்து தொடங்காமல் மதிப்பெண்ணிலிருந்து தொடங்குங்கள். 4 கிரெடிட் தாளில் 68, இன்னொரு 4 கிரெடிட் தாளில் 81, 3 கிரெடிட் தாளில் 55 என்றால்: 27.2 + 32.4 + 16.5 = 76.1. அதை 11-ஆல் வகுத்தால் 6.92.

அடுத்த வேலை, எந்தப் பகுதிக்குக் கணக்குப் போடுகிறீர்கள் என்று பார்ப்பது. பகுதி ஒன்று மொழி, பகுதி இரண்டு ஆங்கிலம், பகுதி மூன்று முதன்மைப் பாடங்களும் துணைப் பாடங்களும் என்று பிரித்தே கொடுத்திருப்பார்கள். முதுநிலைச் சேர்க்கை விண்ணப்பம் பகுதி மூன்றைக் கேட்டால், தமிழிலும் ஆங்கிலத்திலும் வாங்கியதை அதில் கலக்கக் கூடாது.

வேளாண்மைப் பல்கலைக்கழக மாணவர்களிடம் இருப்பது ஓஜிபிஏ (ஒட்டுமொத்தச் சராசரிப் புள்ளி). அதுவும் பத்துக்குத்தான், அங்கேயும் பாயிண்ட் மதிப்பெண்ணிலிருந்தே வருகிறது. கிரெடிட்டால் பெருக்கி வகுக்கும் முறையும் அதேதான்.

9. சதவீதம் கேட்டால்

கேட்காதவரை மாற்றாதீர்கள். பத்துக்கு 8.05 என்று எழுத இடமிருந்தால் அப்படியே எழுதுங்கள்.

கேட்டால், மூன்று இடங்களை இந்த வரிசையில் பாருங்கள். முதலில் விண்ணப்பத்தின் அறிவிக்கை: அதில் சூத்திரம் கொடுத்திருந்தால் அதுவே முடிவானது. அடுத்து, உங்கள் கிரேடு ஷீட்டின் பின்பக்கமும் ரெகுலேஷனும். இரண்டிலும் இல்லாவிட்டால் கல்லூரியின் தேர்வுப் பிரிவில் சதவீதமாக மாற்றியதற்கான சான்று கேளுங்கள். பத்தால் பெருக்குவது பரவலான வழக்கம் என்றாலும், கையில் தாள் இருந்தால் பிற்பாடு வாதம் வராது.

9.5-ஆல் பெருக்குவது வேண்டவே வேண்டாம். அது சிபிஎஸ்இ பத்தாம் வகுப்புக்குத் தரமுறை நடைமுறையில் இருந்த ஆண்டுகளில் சொல்லப்பட்ட பெருக்கெண். பொறியியல் பட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் இணையத்தில் தேடினால் முதலில் அதுதான் வந்து நிற்கிறது, பிள்ளைகள் 8.05-ஐ 76.48 சதவீதமாக்கித் தாங்களே தங்கள் எண்ணைக் குறைத்துக்கொள்கிறார்கள்.

எழுதும்போது 6.97-ஐ 7 ஆக்காதீர்கள். ஏழு கேட்கும் இடத்தில் 6.97 தகுதி பெறாது.

10. வெளிநாட்டு விண்ணப்பங்கள்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் நான்கு புள்ளி அளவுகோலில் பேசும்: ஏ 4.0, ஏ மைனஸ் 3.7, பி பிளஸ் 3.3, பி 3.0, சி 2.0 என்று போகும். உங்கள் சிஜிபிஏவை நான்கால் பெருக்கிப் பத்தால் வகுத்து 3.22 என்று எழுதுவது கணிதப்படி சரியாகத் தெரியும், மதிப்பீடாகச் சரியில்லை. மதிப்பீட்டு நிறுவனங்கள் ஒவ்வொரு தாளின் தரத்தையும் தனித்தனியே அவர்கள் அட்டவணைக்கு மாற்றி, கிரெடிட்டால் பெருக்கி, பிறகுதான் வகுக்கின்றன. அதனால் விடை வேறாக வரும். படிவத்தில் 'அளவுகோல் 10' என்று தேர்ந்தெடுக்க வழி இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்து மாற்றும் வேலையை அவர்களிடமே விட்டுவிடுங்கள்.

ஜெர்மனிக்குப் போக நினைக்கும் இயந்திரவியல் மாணவர்கள் எங்கள் பக்கம் நிறைய. அங்கே 1.0 ஆகச் சிறந்தது, 4.0 தேர்ச்சிக்கான விளிம்பு. மாற்றுவதற்குத் திருத்தப்பட்ட பவேரியச் சூத்திரம் என்று ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள்: உச்ச மதிப்பிலிருந்து உங்கள் மதிப்பைக் கழித்து, அதை 'உச்ச மதிப்பு கழித்தல் குறைந்தபட்சத் தேர்ச்சி மதிப்பு' என்பதால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும்.

இரண்டாம் படி இங்கே திரும்ப வேலைசெய்கிறது. சிஜிபிஏ 8.00 என்று வையுங்கள். ரெகுலேஷன் 2021-இல் தேர்ச்சியின் அடிமட்டம் சி, அதாவது 5. விடை 1 + 3 × (2 ÷ 5) = 2.2. ரெகுலேஷன் 2017-இல் அடிமட்டம் பி, அதாவது 6. விடை 1 + 3 × (2 ÷ 4) = 2.5. கலை, அறிவியல் இளநிலையில் அடிமட்டம் 4 என்பதால் 2.0. ஒரே 8.00-க்கு மூன்று விடைகள். 2.5 வரை மட்டுமே ஏற்கும் படிப்பு என்றால், இதில் 2017 மாணவர் விளிம்பில் நிற்கிறார்.

ஆகவே இணையக் கணிப்பான் தானாக நிரப்பித் தரும் குறைந்தபட்ச மதிப்பை அப்படியே விடாமல் உங்கள் ரெகுலேஷன்படி மாற்றுங்கள். இதன் விடை, எந்தப் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம் என்று நீங்கள் முடிவெடுக்கத்தான்; சேர்க்கையில் அந்தப் பல்கலைக்கழகம் போடும் கணக்கே செல்லும்.

11. பின்னோக்கிப் போடும் கணக்கு

மூன்றாமாண்டு முடிவில் பலரும் கேட்பது, "இனி எவ்வளவு வாங்கினால் இந்தச் சிஜிபிஏ வரும்?" என்பது. ஏழாம் படியில் குறித்து வைத்த இரண்டு எண்கள் இருந்தால் இரண்டு நிமிட வேலை.

ஆறு செமஸ்டரில் 130 கிரெடிட், சிஜிபிஏ 7.20 என்று வைத்துக்கொள்வோம். கையில் உள்ள பெருக்கல் 936. படிப்பு முழுவதும் 160 கிரெடிட். 7.50 வேண்டுமென்றால் மொத்தம் 7.50 × 160 = 1200 வேண்டும். பாக்கி 264. மிச்சமுள்ள 30 கிரெடிட்டால் வகுத்தால் 8.80. அதில் 10 கிரெடிட் புராஜெக்ட். அங்கே ஓ வாங்கினால் 100 வந்துவிடும். மீதி 164-ஐ 20 கிரெடிட்டில் எடுக்க வேண்டும், சராசரி 8.2. ஏழாம் செமஸ்டரில் ஏறக்குறைய எல்லாத் தாளிலும் ஏ, ஒன்றிரண்டில் ஏ பிளஸ். கடினம்தான், முடியாதது இல்லை.

அதே மாணவர் 8.00 வேண்டும் என்றால் 1280 − 936 = 344. அதை 30-ஆல் வகுத்தால் 11.47. பத்துக்கு மேல் தரமே கிடையாது. அப்படி ஒரு விடை வந்தால் 8.00 கேட்கும் நிறுவனங்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, 7.50 கேட்கும் இடங்களுக்கு ஏழாம் செமஸ்டர் தொடங்கும்போதே தயாராகத் தொடங்குங்கள்.